அம்மாவின் முழங்கால்களும் ரொறன்ரோ விமானமும்

பேசாலை,
மன்னார்.

அன்புக்கும் மதிப்புக்குமுரிய றொட்னி மாமாவுக்கு,

மருமகள் ஜெனுஷா பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால்கள் நீங்கலாக. அங்கே மாமியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். இந்த விஷயத்தைத் தொலைபேசியில் சொல்ல எனக்குக் கூச்சம். வட்சப்பில் எழுதினால் நீங்கள் உடனே அம்மாவையே அழைத்துக் கேட்டுவிடுவீர்கள். ஆகவே கடிதம்.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் மடுத் திருவிழாவுக்கு வருவதில் எங்களுக்குப் பெரும் சந்தோஷம். ஆனால் ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்ல வேண்டாம். இரண்டு மணித்தியாலம் என்று சொல்லுங்கள்.

அப்பா கடலில் நிற்கும்போது காற்று மாறினால், வள்ளத்தின் இயந்திரச் சத்தம் கேட்கும்வரை அம்மா முழந்தாளில் நின்று செபமாலை சொல்வது உங்களுக்குத் தெரியும். மாசியில் மேற்படிப்பு நேர்முகத்துக்காக நான் சென்னைக்குப் போனபோது அந்த வழக்கத்தை விமானத்துக்கும் நீட்டிவிட்டார். எழுநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு, நாலு செபமாலையில் முடிந்துவிடும் என்று படித்த பிள்ளையாக நான்தான் கணக்குச் சொன்னேன். அப்பாவுக்கு அந்தப் பயணமே பிடிபடவில்லை. "இந்தா, எங்கட கரைக்கு முன்னால கிடக்கு இந்தியா. அதுக்கு இவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தெற்க ஓடி, பிறகு பிளேன் ஏறி வடக்க வாறாளாம். படிச்ச ஆக்கள் போற பாதை!" என்றார். மில்ரன் அண்ணா என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்ப, பயணச்சீட்டில் போட்டிருந்த நேரத்துக்கு அம்மா இங்கே முழந்தாளிட்டிருக்கிறார். விமானமோ ஏதோ பழுதென்று அசையவில்லை. நான் அங்கே ஒருவரிடமும் விசாரிக்கக் கூச்சப்பட்டுக் கதிரையில், அம்மா இங்கே சீமெந்துத் தரையில். நாலு செபமாலை முடிந்தும் அவர் நிறுத்தவில்லையாம். அப்பா வந்து, "எடி றஞ்சிதம், பிளேன் பழுதெண்டாப் பாக்க ஆக்கள் இருக்கினம். உன்ர கால் பழுதெண்டா ஆர் பாக்கிறது? எழும்பு" என்றாராம். "சும்மா இருங்கோப்பா. நான் இப்ப எழும்பக்கூடாது" என்றாராம் அம்மா. பொழுதுபடுகிற நேரம் பக்கத்து வீட்டு எடித் அக்கா வந்து அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். அந்த வேளையில்தான் எங்கள் விமானமும் புறப்பட்டது.

அன்றிலிருந்து இரண்டு முழங்கால்களும் பனங்காய் மாதிரி. இனி முழந்தாளிட்டால் நடக்கவே ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா விடவில்லை. "என்ர தம்பி வரேக்க ஒருக்கா மட்டும், டொக்டர்" என்று பேரம் பேசினார். பதினாலாயிரம் கிலோமீற்றர், மாமா! இடையில் இறங்கி ஏறுவதோடு ஒரு முழு நாள். உங்களை நம்பித்தான் அந்தக் கால்கள் இருக்கின்றன.

மடு மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
ஜெனுஷா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மாவிடம் அகப்பட்டுவிட்டேன். முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. விமானம் கிளம்பவில்லை என்று நான் அண்ணாவுக்குச் சொன்னதை அவன் அன்றே அம்மாவை அழைத்துச் சொல்லியிருந்தானாம். "தெரிஞ்சுதான் இருந்தனான். அது வெளிக்கிடாமலே போகட்டும் எண்டுதான் மாதாவைக் கேட்டனான். நான் எழும்பினா அதுவும் எழும்பிடும் எண்டு பயம்" என்றார். ஏனம்மா என்று கேட்டேன். "கொப்பர் வள்ளத்தில போனா வருவார். பிளேனில போன என்ர தம்பி எங்க?"

ஆகவே மாமா, வரும் விமானத்தின் நேரத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு அம்மா கதிரையில் இருந்தே மன்றாடுவாராம். திரும்பிப் போகும் விமானத்தின் நேரத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.