ஐந்து கணினிகளை அழித்தவர்

ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று கணினி மூன்றாவது முறையாகச் சொன்னபோது மணி இரண்டு. வீட்டு வரைபடம் நான்கு மணிக்குள் போயாக வேண்டும். இல்லையென்றால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மனைவி இரண்டு வாரம் கண் எரிய வரைந்தது அது. சேமிக்க வழியில்லை.

"எந்திரி, நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர்.

அவருக்கு 'நிபுணர்' என்று பெயர் வைத்தவள் மனைவியின் தங்கை. போன வருடம் இதே கணினியை அவர் சுத்தம் செய்ததில் கல்யாணப் படங்கள் மொத்தமும் போய்ச் சேர்ந்தன. கிண்டலை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். தன்னம்பிக்கைக்கு அவரிடம் என்றும் பஞ்சமில்லை.

வாதாடினால் அதற்கே ஒரு மணி நேரம் போகும் என்று மனைவிக்குத் தெரியும். போன வருடம் அவருக்கென்று தனியாக அமைத்துக் கொடுத்த திரையைத் திறந்துவிட்டு, அளவுகளைத் தாளில் சரிபார்க்கப் போனாள்.

கணினிக்குள்ளேயே தனிக் கணினிபோல் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் ஐந்து அதில் இருந்தன. நான்கு அவர் ஏதோ கற்றுக்கொள்ள ஆரம்பித்து மறந்தவை. ஐந்தாவது மனைவியுடையது, பழைய வரைபட மென்பொருள் அதில்தான் ஓடும்.

"முதல்ல நிறுத்தணும், அப்புறம்தான் அழிக்கணும். இதுல அவசரமே கூடாது" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினிக்குப் பாடம் எடுத்தபடி நான்கையும் பட்டியலிலிருந்து நீக்கினார். பட்டியல் குறைந்தது, இடம் கூடவில்லை. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவற்றைத் தேடிப்பிடித்துக் கையாலேயே அழித்தார். எல்லாம் குப்பைத்தொட்டியில் போய் உட்கார்ந்துகொண்டன. அதையும் காலி செய்தார். இடம் வந்தது. நாற்காலியில் சாய்ந்து, மனைவியின் ஐந்தாவதைத் திறந்தார். அது திறக்கவில்லை. முதலாவதின் டிஸ்கை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருந்ததாம்.

பழுதுபார்க்கிறேன் என்று இறங்கினார். பத்து நிமிடத்தில் ஐந்தாவதும் காணாமல் போனது.

அதோடு மனைவியின் இரண்டு வார உழைப்பும். மெல்ல எழுந்துபோய் அவள் முன்னால் நின்றார்.

"எல்லாம் போச்சும்மா. உன்னோடதும் போச்சு. இனிமே அந்தத் திரையைத் தொடவே மாட்டேன்."

மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள். "நிஜமாவா? அப்ப அதை எடுத்துடலாமா?"

"எடுத்துடு. எனக்கு எதுக்கு அது?"

அவள் வந்து உட்கார்ந்தாள். அவருடைய திரையை முறையாக நிறுத்தினாள், கோப்புகளோடு சேர்த்தே நீக்கினாள். இடம் ஏராளமாக வந்தது. வரைபடம் சேமிக்கப்பட்டு, மூன்றரைக்கே போய்ச் சேர்ந்தது.

நிபுணருக்குத் தலை சுற்றியது. அழிந்துபோன வரைபடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

மச்சினி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நீங்க அழிச்ச அஞ்சும் வெறும் நகல் அத்தான். கல்யாண போட்டோ போன நாள்லேருந்து நீங்க உட்கார்றதே அக்கா செஞ்சு வெச்ச ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள்ளதான். இத்தனை நாளா இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்ததும் அதுதான்."