மாமா வீட்டுச் சஹனும் பல்தேசியக் கம்பனியும்

சர்வதேச வணிகப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவர்களிடம் விருந்து ஏற்பாட்டை ஒப்படைக்காதீர்கள். நான் எடுத்திருந்தேன். (எங்கள் ஊர் தில்லையடிக் கடைக்காரர் எல்லாருக்கும் அது தெரியும், உம்மா சொல்லித் திரிந்த சொல்லல் அப்படி.)

யுத்தம் முடிந்த பிறகு இந்தோனேசிய இறால் தீனிக் கம்பனி ஒன்று எங்கள் கரைக்கு வந்து, கனமூலையில் மாமாவின் காணியைக் குத்தகைக்குக் கேட்டது. காணி கிடைத்தால் எனக்கு அங்கே வேலை என்று பேச்சு. கம்பனிப் பணிப்பாளரை மாமா பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார். கவனிக்கும் பொறுப்பு எனக்கு.

வளர்முக நாட்டுக் கம்பனி முதலில் தன் ஊரைப் போன்ற ஊருக்கே போகும், அங்குள்ளவர்களோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எழுதியதோடு சரி. என் மனதில் பல்தேசியக் கம்பனி என்றால் கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரன்தான். ஆகவே முன்னறையில் மேசை, ஒற்றைக் கதிரை, முள்ளுக்கரண்டி, கத்தி, போத்தல் தண்ணீர் எல்லாம் வைத்து அவரைத் தனியாக இருத்தினேன்.

உள்ளே பாயில் சஹன் வைத்தாயிற்று. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் சேர்ந்து உண்பது எங்கள் வழக்கம். ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

"எங்கடா அவர்?" என்றார் மாமா.

"தனியா வச்சிருக்கேன் மாமா. அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"எங்களோட ஒரு சஹன்ல கை வைக்க ஏலாத மனுசனுக்கு என்ட காணி என்னத்துக்கு?"

வேலை போச்சு என்று முன்னறைக்கு ஓடத் திரும்பினேன்.

அந்த நேரம் பணிப்பாளர் வாசலில் நின்று சலாம் சொன்னார். கை கழுவியிருந்தார். நேரே வந்து ஆறாவது இடத்தில் சம்மணமிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "எங்கள் ஊரிலும் இப்படிக் கூடித்தான் சாப்பிடுவோம் தம்பி. தனியாக வைக்க நான் என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

மாமா பெரிய இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளினார். காணி விஷயம் அத்தோடு முடிந்தது.

சஹனில் எனக்கு இடமில்லை. முன்னறை மேசையில் தனியாக இருந்து, கத்தியோடு கோழிக்காலிடம் மல்லுக்கட்டினேன்.

வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்த மனிதர் வெட்கப்பட்டுக் கதிரையிலேயே இருந்திருந்தால் என் கதி என்ன? அவருக்காக நான் துஆ கேட்காத நாளில்லை.

ஆனால் குடும்பம் மறக்கவில்லை. என் கலியாணத்தன்று மாப்பிள்ளைச் சஹனில் அமரப் போனேன். மாமா ஒற்றைக் கதிரையோடு வந்து நின்றார்.