நோபேட்டின் பேரீச்சம்பழச் சட்டம்

மனிதனைத் தோற்கடிப்பது மலையல்ல, சோற்றுப் பார்சல்தான் என்று கொட்டாஞ்சேனைக் கந்தோரில் நோபேட் அறிவித்தான். அவன் இதுவரை ஏறியதில் உயரமானது தன் ஃபிளாட்டின் நான்காம் மாடி.

“ஆளுக்கு மூண்டு லீற்றர் தண்ணி, பேரீச்சம்பழம், ரெயின்கோட், அட்டைக்கடிக்குச் சவுக்காரம். அவ்வளவுதான். எவன்ர பையில இறைச்சி கிடக்குதோ, அவன்தான் ஏழு பேற்ற தண்ணியையும் சுமக்கோணும்!”

ஹந்தானை மலைக்கு வரவிருந்த சக ஊழியர்கள் ஆறு பேரும் பணிவாகத் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை விடிய, மனைவி யோசெப்பின் ரொட்டியும் பொரித்த மாட்டிறைச்சியும் கட்டி, மேலே ஒரு கரித்துண்டை வைத்தாள்.

“இதென்ன கூத்து?”

“பொரிச்ச இறைச்சியோட காட்டுவழி போறீங்க. கரி வைக்காட்டிப் பேய் பின்னால வரும்.”

“ஓம், ஹந்தானைப் பேய் உம்மட ரொட்டிக்குத்தான் பட்டினி கிடக்குது!”

கரியை யன்னலால் எறிந்தான். பார்சலையும் எறியத்தான் நினைத்தான்; வாசம் விடவில்லை. பையில் இடமில்லாததால் இரண்டு போத்தல் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, பார்சலை ரெயின்கோட்டுக்குள் சுருட்டினான்.

ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டதும் இறைச்சி மணத்தது. சவர்க்காரத்தை நனைத்து ரெயின்கோட்டில் தேய்த்தான். இப்போது குளித்து முடித்த மாடு மணத்தது.

“என்னவோ மணக்குது,” என்று நோபேட் முந்திக்கொண்டான்.

“றோட்டுக் கடை!” என்றான் பிறெடி அவசரமாக.

“ஓமோம், கடைதான்,” என்றாள் புளோறன்ஸ்.

வெளியே இரு பக்கமும் வெறும் வயல்.

மலையில் மழை பிடித்தது. ரெயின்கோட்டை விரித்தால் பார்சல் விழும் என்பதால் நோபேட் நனைந்தான். மற்றவர்களும் ரெயின்கோட் போடாமல் நனைந்துகொண்டே நடந்தார்கள். தலைவன் மீது இவ்வளவு பக்தியா என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

பாதி ஏற்றத்தில் தண்ணீர் முடிந்தது. மூச்சிரைத்துப் பின்தங்கினான். முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. நின்றான், நின்றது. நடந்தான், சரசரத்தது. மேலே தெரிந்த தேத்தண்ணிக் கடைக்கு ஓடினான்.

“அக்கா, தண்ணி!”

கடைக்காரி பாக்கியலெட்சுமி குடத்தடிக்குப் போனாள். நோபேட் சப்பாத்துக் கயிறு கட்டுபவன்போலக் குனிந்து, அடுப்போரத்தில் ஆறிக்கிடந்த கரித்துண்டொன்றை எடுத்துப் பைக்குள் நழுவவிட்டான்.

“கேட்டே எடுக்கலாமே சார்,” என்றாள் பாக்கியலெட்சுமி திரும்பாமலே. “ஒங்க ஆளுக ஆறு பேரும் இப்பிடித்தான், தனித்தனியா வந்து குனிஞ்சு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க.”