ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது

சாம்பல் புதனன்று சாயங்காலம், இருபத்திரண்டு பேர் பார்க்க, சர்வேயர் பிராங்கிளின் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்.

தவக்காலம் பிறந்தால் திண்டுக்கல்லில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்பியம் என்று தெருக்காரர்கள் கூடுகிற ஜெபக் கூட்டத்தில், ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் எதை விடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒறுத்தல் என்று அதற்குப் பேர். ஒருத்தர் டீயை விட்டார். ஒருத்தர் வெற்றிலையை விட்டார். சகாயராணி டீச்சர் சீரியலை விட்டார், அதுவும் ஒன்பது மணி சீரியலை மட்டும். போன வருசம் பிராங்கிளின் விட்டது பாகற்காய். பிறந்ததிலிருந்தே அவர் அதைத் தொட்டது கிடையாது.

இந்த வருசம் அப்படி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நாப்பது நாளும் நான் குளவிக்கூட்டுக்குள்ள போக மாட்டேன். அந்தப் பாட்டப் பத்திப் பேச மாட்டேன். பேசுனாக் கேக்க மாட்டேன். அந்தப் பாட்டே காதுல விழுந்தாலும் எந்திரிச்சுப் போயிருவேன்."

கூட்டம் அசந்து போனது. கோயில் உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அசராமல் என்ன செய்யும்? செங்குளவி என்று ஒரு ராக் பேண்டு. நாலு பேர், மூணு கிடார், ஒரு டிரம்ஸ். அவர்கள் ஆல்பம் போட்டு மூணு வருசம் ஆகிறது. கடைசியாகக் கோயம்புத்தூர்க் கச்சேரியில், எல்லாப் பாட்டும் முடிந்து ஜனம் செருப்பைத் தேடும்போது, பாடகன் புதுசாக ஒரு பாட்டை எடுத்தான். முப்பத்தெட்டு செகண்டு. கரண்ட் போய்விட்டது. அவ்வளவுதான். அந்தப் பாட்டின் பேர் என்ன, அடுத்த வரி என்ன, எப்போது வரும், ஒன்றும் யாருக்கும் தெரியாது. கரண்ட் போன பாட்டு, கரண்ட் போன பாட்டு என்று ரெண்டு வருசமாக ரசிகர்கள் புலம்புகிறார்கள். புலம்புகிற வாட்ஸ்அப் குழுதான் குளவிக்கூடு. அதில் ஆராய்ச்சி செய்கிறவர்களில் தலைமைப் பண்டிதர் நம்ம பிராங்கிளின்.

பாடகன் தன் மொட்டைமாடியைப் படமெடுத்துப் போட்டால் போதும். மற்றவர்கள் மொட்டைமாடியைப் பார்ப்பார்கள். பிராங்கிளின் துணிக்கொடியைப் பார்ப்பார். கொடியில் ஏழு கிளிப். ஏழில் ஒன்றில் மட்டும் ஈரத்துணி. ஒரு ஏக்கர் நிலத்தை அரைநாளில் அளக்கிற மனுசன் அந்தக் கொடியை அளக்க நாலு நாள் எடுத்துக்கொண்டார். பெரிசாகப் பிரிண்டு போட்டு, ஸ்கேல் வைத்து, நிழலின் கோணம் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தார். வரப்போகிற ஆல்பத்தில் ஏழு பாட்டு. கரண்ட் போன பாட்டு ஏழாவது. அதன் நிஜப் பேர் 'ஏழு ஈரத்துணி'. அந்த நாலு நாளும் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை மழையில் நனையவிட்டது தனிக்கதை.

அப்பேர்ப்பட்டவர் அதை விடுகிறார் என்றால் சும்மாவா?

அடுத்து அவர் மனைவி லிடியா எழுந்தாள். அன்பியத்துக்குப் பொறுப்பாளரே அவள்தான். நாற்பது நாளும் கோபப்படமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிராங்கிளினுக்கு லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால் அவர் மனசுக்குள் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது முதல் ஞாயிறு வெளியே வந்தது. பூசை முடிந்து வந்ததும் வேட்டியைக்கூட மாற்றாமல் நாற்காலியை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு செல்போனைத் திறந்தார்.

"என்னங்க, நாலே நாள்ல ஒறுத்தல் முறிஞ்சு போச்சா?" என்றாள் லிடியா.

"முறியல. ஞாயித்துக்கிழமை கணக்குல வராது."

காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து விரல் விட்டுக் காட்டினார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முதல் நாள் வரை நாற்பத்தாறு நாள். ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் நாற்பது. திருச்சபையே போட்ட கணக்கு. செங்குளவிக்காரர்கள் முக்கியமான சேதி எதையும் ஞாயிற்றுக்கிழமைதான் போடுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. அதை அவர் சொல்லவில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை தவக்காலம் இல்ல."

"இல்ல."

"விருந்து நாளு."

"சந்தேகமே வேணாம். ஆண்டவர் உயிர்த்த நாளு. கொண்டாடணும்."

"சரி," என்றாள் லிடியா.

கத்துகிற லிடியாவைப் பிராங்கிளினுக்குப் பதினெட்டு வருசமாகப் பழக்கம். சரி என்று சொல்கிற லிடியா அவருக்குப் புதுசு. பழகாத சாலையில் பார்த்துப் போகவேண்டாமா? அவர் போகவில்லை.

விருந்து நாள் என்றால் கறி எடுக்கவேண்டுமே என்று பையைக் கையில் கொடுத்தாள். கறிக்கடையில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. திரும்பி வந்தால் ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் முறத்தில் உட்கார்ந்திருந்தது. கொண்டாடுகிற வீட்டில் ஆள் வேண்டாமா என்று வத்தலக்குண்டிலிருந்து தன் அண்ணன் பாக்கியராஜைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தாள். ஆறு பேர். பாக்கியராஜ் சாப்பிட்டுக் கை காயும் முன்னே நிலப் பத்திரத்தை விரித்தார். சர்வேயர் மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது பக்கத்துக் காட்டுக்காரன் தன் வரப்பில் முக்காலடி தின்ற கதையை வேறு எங்கே போய்ச் சொல்வது? கதை முடியும்போது சாயங்காலம் ஆறு. எச்சில் இலை எடுத்து, அண்டா கழுவி, பிராங்கிளின் செல்போனைத் தேடும்போது அது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

ரெண்டாவது ஞாயிறு சின்னாளப்பட்டி உறவு. ஒன்பது பேர். மூணாவது ஞாயிறு ரெண்டு உறவும் சேர்ந்து. எதிர்த்துப் பேசவும் வழியில்லை. அவர் முகத்தைத் தூக்கினால், கொண்டாடணும்னு நீங்கதான சொன்னீங்க என்று லிடியா சிரிப்பாள். கோபமே இல்லை. நிஜமான சிரிப்பு.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை இடி விழுந்தது.

பக்கத்து வீட்டு அயாஸ் தோல் செருப்பும் பெல்ட்டும் விற்கிற கடைக்காரன். அவனும் குளவிக்கூட்டில் உண்டு. அந்த வருசம் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் அடுத்தடுத்த நாளில் தொடங்கியிருந்ததால், ரெண்டு வீட்டிலும் அடங்கி நடக்கிற காலம். அயாஸ் மதில் ஓரமாக வந்து நின்றான்.

"அண்ணே, உங்களுக்கு ஒறுத்தல். உங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல. இந்த மதில்கிட்டச் சொல்றேன்."

பிராங்கிளின் முதுகைக் காட்டிக்கொண்டு செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். மதில் கேட்ட சேதி இதுதான். புது ஆல்பம் தயார். கரண்ட் போன பாட்டின் நிஜப் பேரை முதலில் சரியாக அனுப்புகிற ஒருத்தர், கூட ஒரு ஆளோடு, கொடைக்கானல் மலையில் பேண்டுக்காரர்கள் தங்கியிருக்கிற பங்களாவுக்குப் போகலாம். ஆல்பம் வெளிவரும் முன்னே நாலு பேரும் எதிரே உட்கார்ந்து வாசிக்க, முழுசாகக் கேட்கலாம். கடைசி நாள் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி.

செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீர் தெருவுக்கு ஓடியது.

ரெண்டு வருசம் தவம் கிடந்த ஆராய்ச்சி. விடை கையில். அனுப்பத்தான் வழி இல்லை. ஞாயிறு வருவதற்குள் போட்டி முடிந்துவிடும். தன் பேரில் நீயே அனுப்பிவிடு என்று அயாஸைக் கெஞ்சினார்.

"அனுப்பலாம்ணே. ஆனா அக்கா கேட்டா உள்ளதச் சொல்லிருவேன். நோன்போட பொய் சொன்னா பட்டினி கெடந்ததுதான் மிச்சம்."

"நோன்பு தெறந்தப்புறம் கேட்டா?"

"நோன்பு தெறந்துட்டாப் பொய் சொல்லலாம்னு யாருண்ணே சொன்னா?"

அயாஸ் வாயைத் திறக்கவில்லை, நிஜம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி நர்கீஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் நர்கீஸ் வீட்டு நோன்புக் கஞ்சி ஒரு தூக்குவாளியில் லிடியாவிடம் வரும். அன்றைக்குக் கஞ்சியோடு சேதியும் சுடச்சுட வந்தது.

மறுநாள் சோறு பரிமாறும்போது லிடியாவே பேச்சை எடுத்தாள். ஏதோ போட்டியாமே, உங்களுக்குத்தான் ஒறுத்தல், எனக்கு இல்லையே, விடையைச் சொன்னால் என் போனில் இருந்து அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

பிராங்கிளின் யோசித்தார். இவள் போனில் இருந்து போனால் இவள் பேர் வரும். கொடியை அளந்தது யார், பேர் வாங்குவது யார்? கண்ணை மூடிக்கொண்டார்.

"சோதிக்காத லிடியா. நான் அதப் பத்திப் பேசுறதில்ல."

"அப்ப நானா ஒண்ணு யோசிச்சு அனுப்பட்டுமா?"

"தாராளமா அனுப்பு," என்று ரசத்தைக் குடித்தார். உள்ளுக்குள் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறியது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முட்டி போட்டிருக்கும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக் கடமை தீர்ந்தது என்பது கோயில் சட்டம். அப்படியென்றால் ஞாயிறு எப்போது பிறக்கிறது? உபதேசியாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தால் ஞாயிறு பிறந்ததாகத்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்று அவரும் சொல்லிவிட்டார். மணி ஐந்தரைக்கு. போட்டி ஆறுக்கு. நடுவில் முழுசாக அரைமணி நேரம். தாராளம்.

சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து பிராங்கிளின் ஜன்னல் ஓரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்த மறுநிமிசம் 'ஏழு ஈரத்துணி' பறந்தது.

"இன்னைக்குச் சனிக்கிழமையில்ல?" என்றாள் லிடியா.

"மணி அடிச்சிருச்சு. இது ஞாயிறு."

"அப்படியா. இம்புட்டு நாள் எனக்குத் தெரியாமப் போச்சே. சரி." டீ வேறு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆறு மணிக்குக் குளவிக்கூட்டில் முடிவு வந்தது. பாடகனே குரல் பதிவில் பேசினான். நாங்கள் அந்தப் பாட்டுக்கு வேறொரு பேர் வைத்திருந்தோம், ஆனால் ரெண்டு வருசமாக நீங்கள் எல்லோரும் ஒரே பேரைச் சொல்லிச் சொல்லி எங்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது, அதனால் பாட்டின் பேரே 'கரண்ட் போன பாட்டு'தான் என்றான். நாலாயிரம் விடை வந்ததாம். கொடி, நிழல், நட்சத்திரம், பாடகனின் பாட்டி பிறந்த ஊர் என்று ஆளாளுக்கு எங்கெங்கோ போயிருந்தார்கள். சரியாகச் சொன்னது ஒரே ஒருத்தர். லிடியா பிராங்கிளின், திண்டுக்கல்.

டீ டம்ளர் சாய்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? எங்க சித்தப்பாவுக்கு ஞானஸ்நானப் பேரு சேவியர் இருதயராஜ். ஊருல முட்டக்கடைன்னாத்தான் தெரியும். கல்யாணப் பத்திரிக்கையில இருதயராஜ்னு போட்டு முத நாள் ஒருத்தரும் வரல. ஊரே ஒரு பேரு வச்சுக் கூப்பிட்டா, அப்புறம் வேற பேரு எதுக்குங்க?"

பிராங்கிளினுக்கு வருத்தம் ஒரு நிமிசம்தான். கூட ஒரு ஆள் போகலாமே. அந்த ஒரு ஆள் யார்? ஊரறிய தாலி கட்டியவர் யார்? மலையில் குளிருமே என்று ஸ்வெட்டரை எடுக்க பீரோவைத் திறந்தார்.

"வரச் சொன்னது புதன்கிழமைங்க," என்றாள் லிடியா. "உங்களுக்கு ஒறுத்தல்."

பீரோக் கதவைப் பிடித்தபடியே பதினெட்டு வருசச் சர்வே மூளையெல்லாம் திரட்டி ஒரு வழி சொன்னார். "ஒண்ணு செய்வோம். ஒரு நாள மாத்திக்கிருவோம். புதன்கிழமை வந்துட்டு, அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை ஒறுத்தல்ல இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை கணக்குலயே வராதுன்னு நீங்கதான காலண்டர்ல காட்டுனீங்க. கணக்குல இல்லாத நாள எப்படிங்க மாத்துறது?"

புதன்கிழமை லிடியா கிளம்பினாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அண்ணன் பாக்கியராஜ் ஏறிக்கொண்டார். மலைப்பாதையிலும் தூங்கினார், பங்களாவிலும் தூங்கினார். திரும்பி வந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, பாட்டு பரவாயில்லை, அந்த டிரம்ஸ்தான் கண்ணசர விடவில்லை என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் லிடியா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே முணுமுணுத்தாள். முதல் முப்பத்தெட்டு செகண்டு அவருக்கு மனப்பாடம். முப்பத்தொன்பதாவது செகண்டு வந்தது. கரண்ட் போகவில்லை. பாட்டு மேலே போனது. உலகத்தில் ஒருத்தனும் கேட்காத அடுத்த வரி, அவர் வீட்டு அடுப்படியில்.

லிடியா சட்டென்று நிறுத்தினாள். "அய்யோ, மறந்துட்டேங்க. காதுல விழுந்தா எந்திரிச்சுப் போயிருவேன்னு இருபத்திரண்டு பேர் முன்னாடி சொன்னீங்கள்ல. போங்க, செத்த நேரம் வெளிய நில்லுங்க. பாடி முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

போய்த் தெருவில் நின்றார். சகாயராணி டீச்சர் அவரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை ஆபீஸ் லீவு. ஆனாலும் வேடசந்தூர் பஸ் ஏறிப் போய், பூட்டிய தன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். தெருமுனையில் இறங்கும்போது கோயில் மணி அடித்தது. செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் ஓடினார்.

"மணி அடிச்சிருச்சு லிடியா. ஞாயிறு வந்துருச்சு. பாடு. மொதல்ல இருந்து பாடு."

லிடியா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் கிடந்த நாற்காலியில் போய் நிதானமாகச் சாய்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஓய்வு நாளுங்க. வாய்க்கும் சேத்துத்தான்."