பகல் தூக்கம் பற்றி நான் ஆற்றிய உரை

பகல் தூக்கத்தில் பெரிய பாரபட்சம் இருக்கிறது. ஆணுக்கு வந்தால் அது ஓய்வு. பெண்ணுக்கு வந்தால் சோம்பல். எனக்கு வந்தது மட்டும் குடும்பப் பகிடியாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் ‘இவளுக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்’ என்பார்கள்.

அப்போது நான் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்தேன். வீடு குண்டசாலையில். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மாலையில் நசுங்கிக்கொண்டு வருவேன். மதியம் வரை நான் கெட்டிக்காரி. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்த கையோடு மூளை வீட்டுக்குக் கிளம்பிவிடும். உடம்பு மட்டும் கதிரையில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் பெயரின் கடைசி எழுத்து கடுதாசியை விட்டு மேசைக்கு இறங்கியிருக்கும்.

இதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. பக்கத்து மேசை பஸ்மினா கெலிஓயாக்காரி, என் ஒரே சிநேகிதி. அவள் ஒரு கராம்பைக் கொடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். தூக்கம் அப்படியே இருந்தது, நாக்குதான் மரத்துப்போனது. அன்றைக்குத் தொலைபேசியில் பேசிய வாடிக்கையாளர், நான் குடித்திருப்பதாக முகாமையாளரிடம் முறையிட்டார். அடுத்து இஞ்சி போட்ட பிளேன்டீ. (வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடும் நன்றாகத் தூங்கலாம்.) கடைசியில் கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் பூசினேன். அந்த நேரம் பார்த்து, புருஷனை இழந்த ஒரு அம்மா நட்டஈட்டுப் பத்திரத்தோடு வந்தார். என் கண்ணில் தாரை தாரையாக நீர். அவர் தன் துக்கத்தை மறந்து என் கையைப் பிடித்து, “அழாதீங்க மிஸ், எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதானே” என்று தேற்றிவிட்டுப் போனார்.

எப்போது எழும்புகிறாய், எப்போது படுக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கே கேட்கத் தோன்றவில்லை.

என் கணவர் ஆசிரியர். கடைச் சோறு அவருக்கு ஆகாது. முதல் நாள் கறி வயிற்றுக்குச் சேராது. அதனால் நான் பஸ் ஏறும் முன்பே சோறும் இரண்டு கறியும் கீரைச் சுண்டலும் ஆகியிருக்க வேண்டும். அவர் பாடசாலை விட்டு வந்து அதைச் சாப்பிட்டு, பின்னேரம் வரை தூங்குவார். அந்த நேரம் வீட்டில் ஒரு கரண்டி விழக்கூடாது. “புள்ளைங்களோட கத்திக் கத்தித் தல வலிக்குது புவனா” என்பார். பாவம்தான். நான் அந்த நேரம் அலுவலகத்தில் ஊசியால் உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் மலையகக் கிளைகளின் தமிழ் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பொறுப்பாளரை நியமிக்கப் போவதாகத் தலைமைக் காரியாலயம் அறிவித்தது. எனக்குத் தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. எல்லோரும் என் பெயரைத்தான் சொன்னார்கள். அந்தப் பதவிக்குத் தனி அறை உண்டு. கதவுள்ள அறை. அந்தக் கதவை நினைத்தே நான் பல நாள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

தெரிவுக்கு முன்னால் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வந்து சிங்களத்தில் பேசுவார். ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து வரும் ஊழியர்களுக்காக நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். பொறுப்பாளரைத் தெரிவு செய்யும் மண்டல முகாமையாளர் சிவராசா, யாழ்ப்பாணத்துக்காரர், முன் வரிசையில் இருந்து கேட்பார். எனக்கு அதுதான் நேர்முகப் பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உரையின் தலைப்பு: ‘மதிய நேரச் சோர்வை வெல்வது எப்படி?’ (நான் ஜோடிக்கவில்லை. பதாகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.)

முதல் நாள் மாலை நான் மொழிபெயர்ப்புக்குச் சொற்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் எனக்குப் பயம்.

“நாளைக்கு எங்க கணக்கு மாஸ்டருக்குப் பிரியாவிட. காலைச் சாப்பாடு நம்ம வீட்டு இடியப்பம்தான்னு சொல்லிட்டேன்.”

“எத்தன பேருக்கு?”

“ஒரு இருவது பேர் வருவாங்க.”

“நாளைக்கு எனக்கு முக்கியமான நாளுங்க. கடையில சொல்லிரலாமே?”

“கடை இடியப்பத்தையா? ஸ்டாஃப் ரூம்ல என் மானம் போயிரும்.”

அவருடைய மானம் என் தோள்பட்டையில்தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரே உறங்கும்போது எழும்பி மாவைக் குழைத்தேன். பிழிந்தேன். அவித்தேன். தேங்காய்ப்பால் சொதி, சம்பல், கிழங்குக் கறி. ஏ.எல். படித்துக்கொண்டிருந்த மகள் தாரணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “நானும் புழியவாம்மா?” என்றாள். “நீ போய்ப் படி” என்று விரட்டினேன். கணவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, சட்டிகளையெல்லாம் ஓட்டோவில் ஏற்றினார். ஏறும் முன் சம்பலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்புக் கொஞ்சம் கூட” என்றார். ஓட்டோ போய்விட்டது. எனக்கு ஒரு இடியப்பம்கூட மிச்சமில்லை.

கருத்தரங்கு கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலில். மதியச் சாப்பாடும் அங்கேயே. காலையிலிருந்து பிளேன்டீயில் ஓடிய வயிறு, ஃபிரைட் ரைஸையும் கோழியையும் கண்டதும் என் பேச்சைக் கேட்கவில்லை. பஸ்மினா என் பீங்கானைப் பார்த்துப் பதறினாள்.

“யா அல்லாஹ், கொஞ்சமாத் தின்னுங்க புவனா. இனி நீங்கதானே பேசோணும்? கண்ணும் செவந்து ஈக்கி. ராவு தூங்கல்லயா?”

“ஒன்னுமில்ல, சமாளிப்பேன்” என்று சொல்லி இனிப்புக்கு வைத்திருந்த வட்டிலப்பத்தில் இரண்டாவதை எடுத்தேன்.

பிறகு எங்களை மண்டபத்துக்குள் கொண்டுபோய், திரைச்சீலைகளை இழுத்து மூடி, ஏசியைக் கூட்டி, விளக்கை அணைத்தார்கள். மதியத் தூக்கத்தை வெல்வதற்கு ஏற்பாடு செய்தவர்கள் இதைவிட நன்றாகத் தொட்டில் கட்டியிருக்க முடியாது.

ஆரம்பம் பிரமாதமாகத்தான் இருந்தது. டாக்டர் நாலு வசனம் பேசி நிறுத்துவார். நான் மைக்கில் தமிழில் சொல்வேன். “பகல் தூக்கத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்கிறார் டாக்டர். அதன் காரணத்தை இரவில் தேடுங்கள் என்கிறார்.” சிவராசா தலையாட்டினார். கதவுள்ள அறை என் கண்முன்னே வந்தது. அடுத்து டாக்டர், உடம்பு எப்படிப் படிப்படியாகத் தூக்கத்துக்குள் இறங்குகிறது என்பதை விளக்கத் தொடங்கினார். குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போன்ற குரல். திரையில் ஒரு நீலக் கடல்.

என் ஞாபகம் அந்தக் கடலோடு முடிகிறது. மிச்சத்தை நான் பின்னால் வீடியோவில்தான் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தார்.

வீடியோவில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். கண் மூடியிருக்கிறது. வாய் மட்டும் வேலையை விடவில்லை. குரலிலும் தடுமாற்றம் இல்லை.

“டாக்டர் என்னா சொல்றாருன்னா, தூக்கம் வர்றதுக்கு முன்னால ஒடம்பு... மாவு... மாவ மொதல்ல வறுத்துக்கணும். சுடுதண்ணி ஊத்திக் கொழைக்கணும். ஒரேடியா ஊத்தாதீங்க, கட்டி விழும்.”

ஹட்டனிலிருந்து வந்த ஒரு தங்கச்சி இதைக் குறித்துக்கொள்வது வீடியோவில் தெரிகிறது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தான் ஒரு வசனம் பேசினால் நான் மூன்று வசனம் சொல்வதில் அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த படத்துக்குப் போனார்.

“சொதி பொங்கப் போவுது. யாராச்சும் பாருங்க.”

இங்கேதான் சிரிப்பு ஆரம்பிக்கிறது. டாக்டர் தன் நகைச்சுவை எடுபட்டதென்று நினைத்துத் தானும் சிரித்து, உற்சாகமாக இன்னொன்றைச் சொல்கிறார். நான் அதற்கும் தயங்காமல் தமிழ் சொல்கிறேன்.

“இருவது பேருக்கும் நான் ஒருத்தியே புழியணும். ஐயா இஸ்திரிச் சட்ட போட்டுக்கிட்டுப் போவாரு. நான் செத்து விழுந்தாலும் அந்த மனுசன் பகல் தூக்கம் முடிஞ்சுதான் வந்து பாப்பாரு.”

அதன் பிறகு ஒலிபெருக்கி வழியாக மண்டபம் முழுவதும் ஒரு குறட்டை.

எனக்கு ஞாபகம் திரும்பியபோது சிவராசா என் கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

“பிள்ளை, எழும்புங்கோ. மைக்கைத் தாங்கோ.”

நான் பதறியடித்து மைக்கை வாயருகே கொண்டுபோய், “டாக்டர் சொல்கிறார்...” என்றேன்.

“டாக்டர் ஒண்டும் சொல்லேல்லை” என்றார் அவர் மெதுவாக. அதுவும் மைக்கில் கேட்டது.

விஷயத்தைச் சிங்களத்தில் கேட்டறிந்த டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தன் உரைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காதென்று என்னை எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீதி உரையை நிரோஷன் என்ற இளம் ஊழியர் மொழிபெயர்த்தார்.

கழுவறையில் பஸ்மினா என் முகத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

“அழவாணாம். அந்த டாக்டர் பேசினத்துல ஒரு சொல்லு எனக்கு ஞாபகமில்ல. நீங்க பேசினது எல்லாம் ஞாபகமீக்கி” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் சிவராசா என்னைக் கூப்பிட்டார். கதிரை காட்டி இருக்கச் சொன்னார்.

“உங்கட திறமையில எனக்குச் சந்தேகமே இல்லைப் பிள்ளை. ஆனா வீட்டில இவ்வளவு பாரம் இருக்கேக்கை, இதையும் உங்கட தலையில ஏத்த எனக்கு மனம் வரேல்லை.”

நல்ல மனிதர். என் முதுகில் இருந்த பாரத்தை அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான் கண்டார். கண்டவர், என்னிடமிருந்து இறக்கி வைத்தது பதவியை. நான் “நன்றி சேர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். (ஆமாம், நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.) பதவி நிரோஷனுக்குப் போனது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையின் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அவர் திட்டமிடுகிறார் என்று எல்லோரும் மெதுவாக நடப்பார்கள்.

வீடியோ வாட்ஸ்அப்பில் மலை ஏறி இறங்கி, கணவரின் ஸ்டாஃப் ரூமுக்கும் வந்து சேர்ந்தது. அன்று நான் வீட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி நுழைந்தேன். அவர் கதிரையில் தொலைபேசியோடு இருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு புவனா. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் வேணாம். சபைல என்னப் பத்தி என்னா நெனைப்பாங்க?” என்றார். பிறகு, “தாரணி, இத அந்தச் சொதி வர்ற எடத்தோட வெட்டிக் குடு” என்றார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குசினிக்குள் போய்விட்டேன். அவள் வெட்டிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து வெட்டிய வீடியோவுக்குச் சொந்தக்காரர் அவர். விருந்தாளிகள் வந்தால் முதலில் அதுதான். ‘மாவு’ வரும்போது நிறுத்தி விளக்கம் சொல்வார். சொதி பொங்கும்போது தொடையில் தட்டிச் சிரிப்பார். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் தாரணியைக் கம்பளையில் கட்டிக் கொடுத்தோம். சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போனபோது மாப்பிள்ளை பிரபா, “மாமா, அந்த இடியப்பக் கதய எங்கம்மாவுக்குச் சொல்லுங்களேன்” என்றார். கணவர் தொலைபேசியைத் தடவித் தடவிப் பார்த்தார். புதுத் தொலைபேசி, வீடியோ அதில் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். நானே சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். கராம்பிலிருந்து குறட்டை வரை. எதையும் வெட்டவில்லை. இஸ்திரிச் சட்டை வந்த இடத்தில் ஆண்களின் சிரிப்பு நின்றது. சம்பந்தியம்மா அங்கேதான் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வர, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுத் தன் மகன் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா பிரபா, ஞாயித்துக்கெழம ஒன் ஆபீஸ் ஆளுங்க சாப்பிட வர்றாங்கன்னியே, என்னா குடுக்குறதா சொன்ன?”

“இடியப்பம்மா...”

“கடையில சொல்லிரு.”

கம்பளையில் என் மகள் வீட்டில் அன்றிலிருந்து விருந்தென்றால் இடியப்பம் கடையில்தான் வருகிறது. தாரணி தொலைபேசியில் சொல்லும்போது எனக்கு வயிறு குளிர்கிறது.

அந்த விருந்து முடிந்து திரும்பி வரும் வழியில் கணவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கெலிஓயா தாண்டியதும், “அந்தக் கடைசிப் பேச்ச நீ சொல்லியிருக்க வேணாம். அது பகிடியில்ல” என்றார்.

“அது ஒன்னுதாங்க பகிடி” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக அவர் எதையோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். பேராதனைப் பாலம் வந்தபோது என் கையைத் தொட்டார்.

“ஏன் புவனா, இவ்வளவு நேரம் இடியப்பத்தப் பத்தியே பேசினதுல ஆசையா இருக்கு. காலைக்குப் புழியிறியா?”

பிழிந்தேன். இப்போதெல்லாம் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த இடம் வந்ததும் எல்லோருக்கும் முந்திச் சிரிப்பவர் அவர்தான்.