தார்ன்ஸ்பியில் ஒரு தார்ன்ஸ்பி

அன்புத் தங்கை எட்னாவுக்கு, அண்ணன் அம்ப்ரோஸ் தார்ன்ஸ்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பார்ன்ஸ்லியில் சுகமாயிருக்க வேண்டும்.

பார்ன்ஸ்லியிலேயே பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நான் பேசாமல் உன் வீட்டுப் பக்கத்திலேயே கிடந்திருக்கலாம். நம் குடும்பப் பெயர் ஓர் ஊரின் பெயர், அதற்கு 'முட்புதர்ப் பண்ணை' என்று அர்த்தம், அந்த ஊர் இன்னும் இருக்கிறது என்றெல்லாம் நூலகத்தில் படித்தேனே, அன்று பிடித்தது சனி. ஊர்ப் பெயரையே சுமக்கிறவன் வந்தால் ஊரே எழுந்து நிற்கும் என்று நம்பி, இங்கே குடிவந்த அன்றே பப்புக்குப் போய், டாமினோ ஆட்டக்காரர்கள் மேஜையில் காலியாயிருந்த நாலாவது நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்து, "நான் தார்ன்ஸ்பி" என்றேன். பப் நடத்தும் மேவிஸ் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "எந்திரிங்க. அது ஊர்க்காரங்க சீட்டு" என்றாள். "ஏம்மா, என் பேரே இந்த ஊர்தானே?" என்றேன். "அதான் கோளாறே! இங்கயே இருக்கறவனை எவன் தார்ன்ஸ்பின்னு கூப்பிடுவான்? இங்க எல்லாருமே தார்ன்ஸ்பிக்காரங்கதான். ஊரை விட்டு ஓடினவனைத்தான் போன எடத்துல அப்படிக் கூப்பிட்டிருப்பாங்க. உங்க முப்பாட்டன் ஏன் ஓடினாரு?" என்றாள். பன்றி வளர்க்கும் சேத், "எங்க பன்னியத் தூக்கிட்டு ஓடியிருப்பாரு" என்றான். எப்போதோ செத்துப்போன மனிதருக்காக நான் வாதாட வாதாட, பன்றி இரண்டாகி, கடைசியில் யாரோ ஒரு விதவையும் அவரோடு கூட ஓடியதாக முடிந்தது.

அதோடு விட்டார்களா? இப்போது என் பெயர் பார்ன்ஸ்லி! "பார்ன்ஸ்லி, கதவச் சாத்துய்யா", "என்ன பார்ன்ஸ்லி, மழை வருமா?" தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். தினமும் சாயங்காலம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றபடி குடிக்கிறேன். அழுகையாக வருகிறது, எட்னா. இந்த வயதில் எந்த ஊர்க்காரனும் இல்லாமல் போய்விட்டேன். உன் பின்னறையை ஒழித்து வை. வெள்ளிக்கிழமை மூட்டையோடு வந்து சேருகிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மாப்பிள்ளைக்கு என் மரியாதை.

உன் அண்ணன்,
அம்ப்ரோஸ்

பின்குறிப்பு: அறையை ஒழிக்காதே. இதைத் தபாலில் போடப் போகிற வழியில் பப்பில் நுழைந்தேன். லண்டனிலிருந்து வந்த ஒருவன், கையில் வம்சாவளிப் படத்தோடு, "நான் தார்ன்ஸ்பி" என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்காரப் போனான். மேவிஸ் பாய்ந்து வந்து, "மன்னிக்கணும், அது நம்ம பார்ன்ஸ்லியோட சீட்டு" என்றாள். 'நம்ம' என்றாள், எட்னா! உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆள் நமக்குத் தூரத்துச் சொந்தமாகக்கூட இருக்கலாம், பாவம். ஆனாலும் அவனை "ஏ லண்டன்!" என்று முதலில் கூப்பிட்டது நான்தான்.