ஓடைக்கரைப் பல் டாக்டர்

எனக்குச் சந்தேக புத்தி கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்றால், காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்து, ராத்திரி பல் தேய்க்கும்போது முடியும். பல்லைப் பார்த்தாலே அந்த ஆள் ஞாபகம் வருகிறது. நான் என்ன செய்ய?

ஆள் என் வயசுதான். தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. கல்யாணமும் கிடையாது. வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வார். சனிக்கிழமையானால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவார். கூடவே என் மனைவியும்.

எங்கள் தெரு அந்த ஓடையில்தான் போய் முடிகிறது. ஓடை என்று பெயர்தானே தவிர அது எங்கேயும் ஓடியதாகத் தெரியவில்லை. ஒரு இலை விழுந்தால், அது பாலத்தைத் தாண்டுவதற்குள் நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அதில் ட்ரௌட் மீன்கள் இருக்கின்றன. நானோ திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுக்கிற கடைக்காரன். லீவு நாளில்தான் ஜனங்களுக்கு வீட்டில் ஜன்னல் இருப்பதே கண்ணில் படுகிறது. அதனால் சனிக்கிழமை முழுக்க நான் ஊரார் வீட்டு ஏணியில் நிற்பேன். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்டேன்.

“டாக்டர் இன்னிக்கு எத்தனை மீன் பிடிச்சார்?”

“பன்னெண்டு கிடைச்சுதுங்க.”

“எங்க?”

“எது எங்க?”

“மீன்.”

“தண்ணியிலதான்.”

“பிடிச்ச மீனைக் கேக்கறேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். பிடிச்சோம், கொக்கியைக் கழட்டினோம், திரும்பத் தண்ணியிலயே விட்டுட்டோம். இந்த ஓடையில அதுதான் வழக்கம்.”

கேட்டீர்களா? ஐந்து மணி நேரம் மீன் பிடிக்கப் போய், ஒரு செதிள்கூட இல்லாமல் திரும்பி வருகிறார்கள். காரணம் கேட்டால் வழக்கமாம்! இதை எந்தப் புருஷன் நம்புவான்?

“சரி, பன்னெண்டு பிடிக்க அஞ்சு மணி நேரமா?”

“வேகமா ஓடற தண்ணியா இருந்தா சட்டுனு பிடிச்சிடலாம். அங்க மீனுக்கு யோசிக்க நேரமிருக்காது, வந்ததைக் கவ்விடும். நம்ம ஓடை நகர்றதே தெரியாது பாருங்க. அதனால மீன் ஆற அமர யோசிக்கும். நாம முடியும் நூலும் சுத்திப் பொய் ஈ ஒண்ணு செஞ்சு தண்ணி மேல மிதக்க விடறோமில்ல? கிட்ட வந்து, மூக்கு முட்ட நின்னு பாக்கும். ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போயிடும்.”

மீனுக்கே வரும்போது எனக்கு வரக்கூடாதா?

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அவளிடம் ஒரு சின்னத் தகர டப்பா முளைத்திருந்தது. நான் உள்ளே நுழைந்தால் அது அலமாரிக்குள் நுழையும். “என்ன டப்பா?” என்றால் “ஊசி, நூல்” என்பாள். ஊசி நூலை ஒளித்து வைப்பார்களா? அதுவும் திரைச்சீலைக் கடைக்காரனிடமிருந்து?

அந்த டாக்டருக்கோ கூச்சமே கிடையாது. வேலிக்கு மேல் தலையை நீட்டி என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “உங்க வீட்டம்மா மட்டும் இல்லேன்னா, ஒரு மீன் நம்ம பக்கம் எட்டிப் பாக்காது சார்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து வைத்தேன். அவர் பல் டாக்டர், சிரிப்பைப் பார்த்தே உள்ளே இருக்கிற ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார்.

இன்னொன்றும் நடந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, என் மீசையை அவளே சின்னக் கத்தரிக்கோலால் திருத்திவிட ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷமாக இல்லாத அக்கறை! தப்புப் பண்ணுகிறவள்தான் இப்படித் திடீரென்று உருகுவாள் என்று முடிவு கட்டினேன்.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். மீசை பாதி நரை, பாதி பழுப்பு. துருப்பிடித்த கம்பி மாதிரி இருந்தது. அங்கே அந்த ஆள் தலை கன்னங்கரேல் என்று இருக்கிறது. வேறென்ன வேண்டும்? அன்றைக்கே மை வாங்கி, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மீசைக்கு அடித்தேன். பத்து வயசு குறைந்துவிட்டது. மூக்குக்குக் கீழே மட்டும்.

வெளியே வந்தேன். அவள் பார்த்தாள். கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து சிதறியது.

“ஐயையோ! என்னங்க பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க!”

“ஏன், நல்லாயில்லையா?”

“போச்சே! எல்லாம் போச்சே! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“சின்னப் பையனாட்டம் தெரியலாமேன்னு...”

“யாருக்கு வேணும் சின்னப் பையன்? அந்த நரையும் பழுப்பும் கலந்த நிறம் இருக்கே, அது உலகத்துல வேற யாருக்கும் வராதுங்க! எத்தனை இடத்துல தேடியிருக்கேன் தெரியுமா?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான நாள் முதலாக அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உலகத்தில் வேறு யாருக்கும் வராதாம்! அப்படியானால் டாக்டர்? டாக்டராவது, கீக்டராவது! அந்தக் கறுப்புத் தலையை வைத்துக்கொண்டு அவர் தூண்டிலோடு தொங்க வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி திரும்பினார்கள். டாக்டர் வேலியருகே நின்று என் மேலுதட்டையே பார்த்தார். “ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?” என்றார். தோற்றவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

மறுநாளே மை மீசையை ஒட்ட வழித்துவிட்டு, புதிதாக வளர்த்தேன். அந்த இரண்டு மாசமும் ராஜ வாழ்க்கை. காலையில் அவளே சீப்பால் வாரிவிட்டாள். “வெயில்ல நிக்காதீங்க, நிறம் வெளுத்திடும்” என்றாள். சூப் குடித்தால் பக்கத்திலேயே துண்டோடு நின்றாள். ஒரு நாள் யோசனையாக மீசையைக் கடித்தேன், “கடிக்காதீங்க!” என்று கத்தியே விட்டாள். எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

மீசை பழையபடி அடர்ந்து வந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கத்தரிக்கோலும் திரும்பி வந்தது. ஒரு சனிக்கிழமை கடையைப் பாதியில் மூடினேன். ஓடைக்கே போய், டாக்டர் முன்னால் மீசையோடு நின்று, அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

புதரை விலக்கிப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் தூண்டிலோடு நின்றது என் மனைவி. டாக்டர் கரையில் குத்துக்காலிட்டு, கையில் ஒரு சின்ன வலையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கோலைப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு வீசினாள். நூல் நீண்டு போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் படுத்தது. நுனியில் ஒரு ஈ. அது நகராமல் நகர்ந்தது. அடியிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு மீன் எழும்பி வந்தது. ஈயின் முன்னால் நின்றது. பார்த்தது, மறுபடியும் பார்த்தது. அவள் மூச்சு விடவில்லை, டாக்டர் மூச்சு விடவில்லை, எனக்கும் மூச்சு வரவில்லை. சொளக்!

டாக்டர் எழுந்து குதித்தார். “எடுத்துருச்சு மேடம்! சார் மீசையை எடுத்துருச்சு!”

என் கை தானாக மேலுதட்டுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் தகர டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தேன். பொய் ஈக்கள் இருபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் நான்.

“கடையில வாங்கின ஈ எதையும் இந்த மீனுங்க சீண்டலைங்க,” என்றாள் அவள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். “ஒரு நாள் உங்க மீசையில ரெண்டு முடி சட்டையில கிடந்துது. சுத்திப் பாத்தேன், முதல் வீச்சுலயே மாட்டிச்சு. நிறம் அப்படியே அசல் ஈ. மையடிச்ச முடியைப் போட்டா மீன் காத தூரம் ஓடுது. இந்த ஈக்குப் பேர்கூட வெச்சிருக்கோம்.”

“என்ன பேர்?”

“‘வீட்டுக்காரர்.’”

“டாக்டர்தானே மீன் பிடிக்கிறார்னு நினைச்சேன்!”

“அவரா? அவருக்கு முடிச்சுப் போடவே வராது. வலை பிடிக்க ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போறேன். டாக்டர் எத்தனை பிடிச்சார், டாக்டர் எத்தனை பிடிச்சார்னு வாரா வாரம் கேட்டீங்களே, நீ எத்தனை பிடிச்சேன்னு ஒரு நாள் கேட்டீங்களா?”

சுருக்கென்றது. கேட்கவில்லைதான். ஆனால் கோபத்தில் இருக்கிற ஆண்பிள்ளை அதை எப்படி ஒப்புக்கொள்வது?

“அதெல்லாம் இருக்கட்டும். இனிமே என் மீசையில ஒரு முடி உனக்குக் கிடையாது. ஒண்ணுகூட! என்ன ஆனாலும் சரி!”

அவள் சண்டை போடவில்லை. ஈக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் எடுத்துவைத்தாள்.

“பரவாயில்லைங்க. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? டாக்டர் தாடி வளக்கறேன்னு சொல்லியிருக்கார். தலை கறுப்பா இருந்தாலும் அவருக்குத் தாடி நரையும் பழுப்புமாத்தான் வருமாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க வந்து உக்காந்தார்னா நானே...”

“எங்க உக்காருவான்?”

“இந்த நாற்காலியிலதான்.”

“என் நாற்காலியிலயா? நீ அவன் தாடியைப் பிடிச்சுக் கத்தரிப்பியா? அவன் முடி என் வீட்டு டப்பாவிலயா?”

வெள்ளைத் துணியை நானே எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். கத்தரிக்கோலை நானே தேடிக் கொடுத்தேன். “வேணுங்கிற அளவு எடுத்துக்கோ, மிச்சம் வைக்காதே” என்று மோவாயையும் தூக்கிக் காட்டினேன். அவள் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “தாடி எந்த மட்டுக்கு வந்திருக்கு?” என்று ஜெயித்தவன் தோரணையில் கேட்டேன்.

“தாடியா? எனக்கா? சின்ன வயசுலேர்ந்தே கன்னத்துல முடி முளைச்சதில்லையே சார்!”